விஷமும் மௌனமும்: ரோம வரலாற்றாசிரியர்கள் எழுதிய அரண்மனைச் சாவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.பி. முதல் நூற்றாண்டு ரோமாபுரியின் சதிகளையும் சாவுகளையும் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் டாசிட்டஸை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். பயத்தின் நடுவில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அவர் அளவுக்குக் கூர்ந்து பார்த்தவர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

இந்தச் சம்பவங்களை எழுதியவர்கள் யார்? நேரில் பார்த்தவர்களா?

இல்லை. நம் கைக்கு வந்து சேர்ந்தவை முக்கியமாக மூவர் எழுதியவை. டாசிட்டஸ் கி.பி. 56 வாக்கில் பிறந்தவர். 97-ல் ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவி வகித்தார், பிறகு ஆசிய மாகாணத்தின் ஆளுநராக இருந்தார். அவருடைய 'அன்னல்ஸ்' என்ற வரலாற்று நூல் பேரரசர் டைபீரியஸ் ஆட்சிக்கு வந்த கி.பி. 14-ல் தொடங்கிப் பேரரசர் நீரோவின் காலம் வரை போகிறது. சூட்டோனியஸ் அவரைவிட இளையவர். பேரரசர் ஹேட்ரியனின் செயலகத்தில் வேலை பார்த்தவர், பன்னிரண்டு சீசர்களின் வாழ்க்கையை எழுதியவர். காசியஸ் டியோ இன்னும் நூறாண்டு தள்ளி, கிரேக்க மொழியில் எழுதியவர்.

நீரோ இறந்த 68-ம் ஆண்டில் டாசிட்டஸ் பதின்வயதுப் பையன்தான். ஆனால் கொடுங்கோலாட்சி எப்படியிருக்கும் என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பேரரசர் டொமிஷியன் ஆண்ட பதினைந்து ஆண்டுகளில் செனட் உறுப்பினராகிப் பதவிகளில் உயர்ந்தவர் அவர். மாமனார் அக்ரிகோலாவின் வாழ்க்கையை எழுதியபோது ஓர் இடத்தில், ஹெல்விடியஸைச் சிறைக்கு இழுத்துப் போனவை எங்கள் கைகளே என்று எழுதிவிட்டார். ஹெல்விடியஸ் டொமிஷியனின் பகைக்கு ஆளான செனட்டர். தடுக்காமல் உட்கார்ந்திருந்தவர்களில் தானும் ஒருவன் என்கிறார். பின்னால் அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

எல்லாரும் விஷத்தில்தான் செத்தார்களா? இதையெல்லாம் நம்பலாமா?

அப்படியே நம்ப வேண்டியதில்லை. அவர்களே அப்படி நம்பச் சொல்லவுமில்லை.

நீரோவுக்கு முந்தைய பேரரசர் கிளாடியஸ் 54 அக்டோபரில் இறந்தார். லொகஸ்டா என்பவள் தயாரித்த விஷத்தைக் காளானில் கலந்து கொடுத்தார்கள், அது சரியாக வேலை செய்யாததால் செனஃபன் என்ற மருத்துவர் விஷம் தோய்த்த இறகைத் தொண்டைக்குள் விட்டார் என்கிறார் டாசிட்டஸ். விஷம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள், எங்கே யார் கொடுத்தார்கள் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு என்கிறார் சூட்டோனியஸ். அறுபது தாண்டிய, சிறுவயதிலிருந்தே உடல்நலம் குன்றிய ஒரு மனிதர் தானாகவே இறந்திருக்கவும் கூடும். இன்றைக்கு அதைத் தீர்த்துச் சொல்ல வழியில்லை.

டைபீரியஸின் தத்துப்பிள்ளை ஜெர்மானிக்கஸ், மக்களின் செல்லப்பிள்ளை. 19-ல் சிரியாவின் அந்தியோக்கியாவில் முப்பத்து மூன்று வயதில் இறந்தான். உடலை எரிப்பதற்கு முன் ஊர்ச் சதுக்கத்தில் வைத்தார்கள். விஷத்தின் அடையாளம் தெரிந்ததா? சூட்டோனியஸ் உடலெங்கும் நீலத் திட்டு, வாயில் நுரை என்று அடித்துச் சொல்கிறார். அது உறுதியாகவில்லை என்கிறார் டாசிட்டஸ். ஜெர்மானிக்கஸ் மேல் இரக்கம் கொண்டவர்களுக்கு அடையாளம் தெரிந்தது, எதிராளியான சிரிய ஆளுநர் பீசோவை ஆதரித்தவர்களுக்குத் தெரியவில்லை என்று எழுதுகிறார். பிணத்தில் என்ன இருந்தது என்பதை விட்டுவிட்டு, பார்க்க வந்தவர்களின் கண்ணில் என்ன இருந்தது என்பதற்குப் போய்விடுகிறார், பாருங்கள்.

இன்னோர் இடத்தில் வதந்தியை வெளிப்படையாகவே மறுக்கிறார். டைபீரியஸின் சொந்த மகன் துருசஸ் 23-ல் இறந்தபோது, தகப்பனே கையால் விஷக் கோப்பையைக் கொடுத்தான் என்று ஊரில் ஒரு கதை ஓடியது. அதை முழுதாகச் சொல்லிவிட்டு, மகனிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் எந்தத் தகப்பன் இதைச் செய்வான் என்று கேட்டுத் தள்ளிவிடுகிறார். நம்ப முடியாததை மக்கள் ஆசையோடு பற்றிக்கொள்கிறார்கள் என்பதைக் காட்டவே அதை எடுத்துச் சொன்னேன் என்கிறார்.

உண்மையா என்றே தெரியாது என்றால் படித்து என்ன பயன்?

யார் விஷம் வைத்தது என்பதைவிட, அந்த நேரத்தில் கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே அவருடைய உண்மையான விஷயம் என்று நான் நினைக்கிறேன். வரலாற்றின் தலையாய வேலை எது என்று அவரே அன்னல்ஸின் மூன்றாம் புத்தகத்தில் சொல்கிறார்: நற்செயல்கள் பேசப்படாமல் போய்விடக் கூடாது, தீய சொல்லுக்கும் செயலுக்கும் வருங்காலத்தின் பழியை நினைத்து ஓர் அச்சம் இருக்க வேண்டும்.

55-ம் ஆண்டு விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாடியஸின் மகன் பிரிட்டானிக்கஸுக்குப் பதினான்கு வயது நிறையப் போகிறது. அரண்மனையில் உணவை முதலில் ருசி பார்க்க ஆள் உண்டு. அதனால் அவனுக்குக் கொடுத்த பானத்தில் விஷம் இல்லை, சூடு மட்டும் அதிகம். ருசி பார்த்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடு தாங்காமல் பையன் அதை விலக்கியதும் குளிர்ந்த நீர் ஊற்றினார்கள். விஷம் அந்த நீரில் இருந்தது. பேச்சும் மூச்சும் ஒருசேர நின்றன. சாய்ந்திருந்த நீரோ, கிளாடியஸ் தத்தெடுத்த மகனும் அப்போதைய பேரரசனும், சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு உண்டு, சரியாகிவிடும் என்றான்.

இதற்குப் பிறகுதான் டாசிட்டஸின் எழுத்து வலுக்கிறது. சுற்றி இருந்தவர்களில் விவரம் அறியாதவர்கள் பதறி ஓடினார்கள். விவரம் புரிந்தவர்கள் அசையாமல் நீரோவின் முகத்தையே பார்த்தபடி இருந்தார்கள். இறந்தவனின் அக்கா, நீரோவின் மனைவி ஆக்டேவியா, துக்கத்தையும் பாசத்தையும் எல்லா உணர்ச்சியையும் மறைக்க அந்தச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தாள். சற்று நேரம் அமைதி, பிறகு விருந்தின் கொண்டாட்டம் தொடர்ந்தது. மருத்துவர்கள் இன்றைக்கும் வலிப்பா விஷமா என்று வாதாடலாம். அதற்காக அந்த மேசையைச் சுற்றியிருந்த முகங்கள் பொய்யாகிவிடாது. அந்த முகங்களை அவர் தன் காலத்துச் செனட்டில் தினமும் பார்த்தவர்.

நீரோ தன் தாயைக் கப்பலில் வைத்துக் கொல்லப் பார்த்தானாமே?

ஆமாம், 59 மார்ச்சில், பாயே என்ற கடலோர ஊரில். மினர்வா தேவிக்கான குயின்குவாட்ரஸ் திருவிழாக் காலம். மிசீனம் கடற்படைத் தளபதி அனிசிட்டஸ், ஒரு காலத்தில் நீரோவுக்குப் பாடம் சொன்னவன், ஒரு பகுதி மட்டும் உடைந்து விழும்படி ஒரு கப்பலைச் செய்து தந்தான். கடலில் எது நடந்தாலும் காற்றின் மேல் பழிபோடலாம் என்பது கணக்கு. நீரோ தன் தாய் அக்ரிப்பினாவை, ஜெர்மானிக்கஸின் மகளை, விருந்துக்கு அழைத்து, நெடுநேரம் கொஞ்சிப் பேசி, கட்டி அணைத்து வழியனுப்பினான். அந்தக் கடைசி அணைப்பு முழுக்க நடிப்பா, சாகப்போகும் தாயைப் பார்த்ததும் அந்தக் கொடூர மனமும் சற்றுத் தடுமாறியதா என்ற கேள்வியை டாசிட்டஸ் தீர்க்காமல் விட்டுவிடுகிறார். கொலைகாரனுக்கும் மனம் உண்டு என்ற இடத்தை அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நீரோ வெறும் பூதமாகியிருப்பான், நாமும் தப்பித்திருப்போம்.

அன்றிரவு வானம் நட்சத்திரங்களோடு தெளிவாக இருந்தது, கடல் அசையவில்லை. குற்றத்துக்குச் சாட்சியாகத் தெய்வங்களே அப்படியொரு இரவைத் தந்ததுபோல் என்று எழுதுகிறார். ஈயம் ஏற்றிய மேற்கூரை சரிந்தது. பக்கத்தில் நின்ற கிரெப்பெரியஸ் கல்லஸ் நசுங்கிச் செத்தான். கட்டிலின் பக்கவாட்டுப் பலகைகள் தாங்கியதால் அக்ரிப்பினா தப்பினாள். தோழி அசெரோனியா, நான்தான் அக்ரிப்பினா, பேரரசரின் தாயைக் காப்பாற்றுங்கள் என்று கத்தினாள். துடுப்பாலும் கழியாலும் அடித்துக் கொன்றார்கள். அக்ரிப்பினா வாய் திறக்கவில்லை. தோளில் காயத்தோடு நீந்தி, மீன்பிடிப் படகுகளால் கரை சேர்ந்தாள். அப்புறம் அவள் செய்ததுதான் அவளுடைய புத்திக்கு அடையாளம்: எதுவும் புரியாதவள்போல் இருப்பதே தப்பிக்கும் வழி என்று, தெய்வ அருளால் பிழைத்தேன், இப்போது பார்க்க வர வேண்டாம் என்று மகனுக்குச் செய்தி அனுப்பினாள்.

மகன் நடுங்கிப்போனான். மெய்க்காவல் படைத் தலைவர் புர்ரஸையும் ஆசான் செனெகாவையும் எழுப்பி அழைத்தான். இருவரும் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு செனெகா புர்ரஸைப் பார்த்து, வீரர்களுக்குக் கொலை உத்தரவு கொடுக்கலாமா என்று கேட்டார். ஜெர்மானிக்கஸின் மகள் மேல் என் வீரர்கள் கை வைக்கமாட்டார்கள், அனிசிட்டஸ் தொடங்கியதை அவனே முடிக்கட்டும் என்றார் புர்ரஸ். தாயின் செய்தியோடு வந்த ஆளின் காலடியில் ஒரு வாளைப் போட்டு, பேரரசரைக் கொல்ல வந்தான் என்று பிடித்தார்கள். அவள் பிழைத்ததைக் கேட்டு விளக்குகளோடு கரையில் கூடிய ஊர்மக்கள், ஆயுதம் தாங்கிய படையைக் கண்டதும் கலைந்தார்கள். அறையில் மிஞ்சியிருந்த ஒரே பணிப்பெண்ணும் வெளியேறப் போக, நீயும் என்னை விட்டுப் போகிறாயா என்றாள் அக்ரிப்பினா. வாள் உருவியவனிடம் வயிற்றைக் காட்டி, இங்கே குத்து என்றாள்.

கொலைக்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லையா?

கேட்கவில்லை. படை அதிகாரிகள் வந்து நீரோவின் கையைப் பற்றி, தாயின் சதியிலிருந்து தப்பித்தீர்கள் என்று வாழ்த்தினார்கள். சுற்றுவட்டார ஊர்களில் பலி கொடுத்து நன்றி சொன்னார்கள். செனட் அவள் பிறந்தநாளைத் தீய நாளாக அறிவித்தது, மினர்வாவுக்குப் பொற்சிலை வைக்கத் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர், திரேசியா பீட்டஸ், எழுந்து வெளியே போனார்.

இங்கே டாசிட்டஸ் கைதட்டவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். திரேசியா தனக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டார், மற்றவர்களுக்கு விடுதலையின் தொடக்கத்தைத் தரவில்லை என்று எழுதுகிறார். தற்பெருமைக்காகச் சாவைத் தேடுவதை அவர் மெச்சுபவர் அல்லர். கெட்ட அரசர்களின் கீழும் பெரிய மனிதர்கள் இருக்க முடியும் என்று மாமனார் வரலாற்றில் வாதாடியவர். முரட்டு எதிர்ப்புக்கும் கேவலமான அடிமைத்தனத்துக்கும் நடுவில் ஆபத்தில்லாத ஒரு வழி உண்டா என்ற கேள்வியை, டைபீரியஸ் காலத்து மார்க்கஸ் லெப்பிடஸைப் பற்றிச் சொல்லும்போது எழுப்புகிறார். தாமே தேடிய வழி அது. ஆனாலும் திரேசியா எழுந்து நடந்ததை விடாமல் பதிந்து வைத்தார். என் மட்டில், அந்தத் தயக்கத்தோடு கூடிய மரியாதை வெறும் புகழைவிட நேர்மையானது.

செனெகா நல்லவரா, கெட்டவரா?

ஒரு வார்த்தையில் முடியாது. கோபத்தை அடக்குவது பற்றியும் இரக்கம் பற்றியும் எழுதியவர். தாய்க்கொலையை நியாயப்படுத்திச் செனட்டுக்குப் போன கடிதத்தை எழுதியவரும் அவரே. நீரோவின் கொடுமை எந்தக் கண்டனத்தையும் மிஞ்சிவிட்டதால், மக்கள் நீரோவை விட்டுச் செனெகாவைப் பழித்தார்கள், அப்படியொரு கடிதம் எழுதியதே வாக்குமூலம் என்று கருதினார்கள் என்கிறார் டாசிட்டஸ். 65-ல் சாகும்படி உத்தரவு வந்தபோது செனெகா கலங்கவில்லை. நரம்பை அறுத்தார், வயதான உடலில் இரத்தம் மெல்லவே வழிந்தது, நஞ்சு குடித்தார், கடைசியில் வெந்நீர்க் குளியலறையின் ஆவியில் மூச்சடங்கியது. அழுத நண்பர்களிடம், நீரோவின் கொடுமை யாருக்குத் தெரியாது, தாயையும் தம்பியையும் கொன்றவனுக்கு ஆசானைக் கொல்வதுதானே மிச்சம் என்று கேட்டார். அந்தத் தாயின் கொலைக்குக் கடிதம் எழுதிய கையும் அவருடையதுதான் என்று டாசிட்டஸ் அங்கே நினைவூட்டவில்லை. கடிதம் பதினான்காம் புத்தகத்தில், இந்தச் சாவு அடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது, முந்தையதைப் படித்த வாசகருக்கு மறந்திருக்காது.

அதே 65-ம் ஆண்டுச் சதியில் எபிகாரிஸ் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவள்?

அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பெண். கயஸ் பீசோவை (ஜெர்மானிக்கஸின் எதிராளி அல்ல, வேறொருவர்) அரியணையில் வைக்க நடந்த சதியில் பலரும் தயங்கிக்கொண்டிருந்தபோது, கடற்படை அதிகாரி ஒருவனை இழுக்கப் பார்த்து, அவனால் காட்டிக்கொடுக்கப்பட்டவள். சாட்டை, நெருப்பு எதுவும் அவளிடமிருந்து ஒரு பெயரைக் கூட வாங்கவில்லை. மூட்டுகள் விலகி நிற்க முடியாமல் போனதால் மறுநாள் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். வழியில் மார்க்கச்சையை அவிழ்த்து, நாற்காலியின் வளைவில் சுருக்கிட்டுத் தன் உடல் பாரத்தாலேயே உயிரை விட்டாள்.

முகமறியாதவர்களை அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒரு பெண் காத்தாள், சித்திரவதை தீண்டாத செனட்டர்களும் பிரபுக்களும் தத்தம் நெருங்கியவர்களையே காட்டிக்கொடுத்தார்கள் என்று டாசிட்டஸ் இரண்டையும் அருகருகே வைக்கிறார். கவிஞர் லூக்கன் தன் தாய் அசிலியாவின் பெயரையே சொன்னார். அடிமைகளைப் பற்றி நல்ல வார்த்தை அரிதாகவே சொல்லும் பெருங்குடி மனிதர் ஒருவர் இதை எழுதினார் என்பதுதான் என்னை அசைக்கிறது. கண்ணால் கண்ட ஒழுக்கம் அவருடைய வர்க்கப் பெருமையை அந்த ஒரு பக்கத்திலாவது தோற்கடித்துவிட்டது.

அதே சதியில் சுப்ரியஸ் ஃபிளாவஸ் என்ற படை அதிகாரி நீரோவின் முகத்துக்கு நேரே, தாயையும் மனைவியையும் கொன்று, தேரோட்டி, கூத்தாடி, தீ வைத்தவன் ஆன பிறகுதான் உன்னை வெறுக்கத் தொடங்கினேன் என்றான். செனெகாவின் சொற்கள்போல இவை பரவலாகத் தெரியாதவை, அதனால் அப்படியே தருகிறேன் என்று டாசிட்டஸ் குறிப்பிடுகிறார்.

ஒற்றர்களும் காட்டிக்கொடுப்பவர்களும் எப்படி உருவானார்கள்?

அரசத் துரோகச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் குற்றவாளியாக்கினால், அவர் சொத்தில் கால் பங்கு குற்றம் சாட்டியவருக்குக் கிடைக்கும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

டைட்டியஸ் சபீனஸ் கதை இதற்குச் சிறந்த சாட்சி. ஜெர்மானிக்கஸ் இறந்த பிறகும் அவன் மனைவி மக்களை விட்டு விலகாத விசுவாசி. பதவி ஆசை பிடித்த நான்கு பேர் அவரைக் குறிவைத்தார்கள். லட்டியாரிஸ் நண்பன்போல் பழகி, ஜெர்மானிக்கஸைப் புகழ்ந்து, அழுது, அவர் மனதைத் திறக்க வைத்தான். மற்ற மூன்று செனட்டர்கள் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் ஒளிந்து, ஓட்டைகளில் காது வைத்துக் கேட்டார்கள். 28-ம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று அவரைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போனார்கள். சுவருக்கும் காது உண்டு என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை ரோமாபுரி அதன் பிறகு வாழ்ந்தே பார்த்தது. தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் தவிர்த்தார்கள், பேசாத கூரையையும் சுவரையும் சுற்றிப் பார்த்தார்கள். சபீனஸின் நாய் உடலை விட்டு அகலவில்லை, டைபர் நதியில் வீசியபோதும் கூடவே நீந்தித் தாங்கப் பார்த்தது என்று அதே நூற்றாண்டு எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார்.

ஏன் இத்தனை பேர் தாமாகவே உயிரை விட்டார்கள்?

தீர்ப்புக்கு முன்பே இறந்தவரின் உடலுக்கு அடக்கம் கிடைக்கும், உயில் செல்லும். தண்டனை பெற்றுச் செத்தால் சொத்து போய்விடும். குடும்பத்துக்காகப் போட்ட கணக்கும் அதில் உண்டு. நீரோவின் நெருங்கிய வட்டத்தில் இருந்த பெட்ரோனியஸ் 66-ல் கூமாயில் நரம்பை அறுத்து, கட்டி, மறுபடி திறந்து, இலேசான பாட்டுகளைக் கேட்டபடி இறந்தார். வழக்கமாக உயிலில் பேரரசரைப் புகழ்வார்கள். அவர் நீரோவின் காமக் களியாட்டங்களைப் பெயரோடு பட்டியலிட்டு முத்திரையிட்டு அவனுக்கே அனுப்பினார், அந்த முத்திரையால் பிறகு யாரையும் சிக்க வைக்கக் கூடாது என்று மோதிரத்தை உடைத்துவிட்டார்.

பெண்களைப் பற்றி இவர்கள் எழுதியது நியாயமா?

பல இடங்களில் இல்லை. முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா, கிளாடியஸின் மனைவி மெசலினா, இரண்டு அக்ரிப்பினாக்கள் (நீரோவின் தாயும் அவளுடைய தாயும்) என்று, அதிகாரம் தேடிய பெண் என்றாலே விஷமும் காமமும் ஒட்டிக்கொள்கின்றன. ஆணிடம் லட்சியம் எனப்படுவது பெண்ணிடம் குற்றமாகிறது. லிவியா மேல் டாசிட்டஸ் தூவும் சந்தேகங்களில் பலவற்றுக்கு வதந்தி தவிர ஆதாரம் இல்லை. நேராகக் குற்றம் சாட்டாமல் "என்று சிலர் சொன்னார்கள்" என்று சந்தேகத்தை விட்டுச் செல்வது அவருடைய பழக்கம். அங்கே வாசகர் விழிப்பாக இருக்க வேண்டும். ஆனாலும் சாகும் நேரத்தில் அக்ரிப்பினாவுக்கு அவர் தரும் கம்பீரத்தையும் மறுக்க முடியாது.

இவர்கள் சொன்னதைச் சரிபார்க்க வேறு சான்று கிடைத்திருக்கிறதா?

ஒன்று அருமையாகக் கிடைத்தது. ஜெர்மானிக்கஸ் சாவுக்காகச் சிரிய ஆளுநர் பீசோவை 20-ம் ஆண்டில் செனட் விசாரித்தது. விசாரணையின் நடுவில் கழுத்தறுபட்டு அவர் இறந்து கிடந்தார். அவர் மேல் செனட் போட்ட தீர்மானம் பொறித்த வெண்கலப் பலகைகள் தெற்கு ஸ்பெயினில் கிடைத்து 1996-ல் வெளியாயின. பீசோவின் மனைவி பிளான்சினா லிவியாவின் பரிந்துரையால் தப்பினாள் என்று டாசிட்டஸ் எழுதியதைத் தீர்மானமே ஒப்புக்கொள்கிறது. நாள் டிசம்பர் 10 என்று அதில் இருக்கிறது, டாசிட்டஸின் வரிசையில் வழக்கு அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்ததுபோல் தோன்றுகிறது. தீர்மானம் முழுக்கப் பேரரசர் குடும்பத்துக்குப் புகழ்மாலை. அதைப் படித்த பிறகு டாசிட்டஸைப் படித்தால், ஏன் அவர் அதிகாரப்பூர்வ மொழியை அவ்வளவு வெறுத்தார் என்பது விளங்கும்.

இந்தப் பேரரசர்களுக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டா?

சதிகளோடு இல்லை, வணிகத்தோடு உண்டு. அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் கொங்குப் பகுதியில் நிறையக் கிடைத்துள்ளன. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த பொற்காசுகளில் பலவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டியிருக்கிறார்கள். பெண்களின் மணிக்கற்களுக்காக நம் பணம் அயல்நாடுகளுக்கும் பகை நாடுகளுக்கும் போகிறது என்று டைபீரியஸ் 22-ல் செனட்டுக்கு எழுதியதை டாசிட்டஸ் குறித்திருக்கிறார். ஊர் பெயர் அதில் இல்லை என்றாலும், அந்தப் பணத்தில் ஒரு பகுதி வந்து சேர்ந்த திசை நமக்குத் தெரியும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

அன்னல்ஸின் பதினான்காம் புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து. அக்ரிப்பினாவின் சாவு அங்கேதான் இருக்கிறது. அடுத்து பதினைந்தாம் புத்தகத்தின் பிற்பகுதி, பிறகு முதல் நான்கு புத்தகங்கள். நூல் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டைபீரியஸுக்கு அடுத்து ஆண்ட கலிகுலாவின் காலம் முழுவதும் போய்விட்டது, ஐந்தாம் புத்தகத்தின் பெரும்பகுதியும் போனதால் டைபீரியஸின் மெய்க்காவல் படைத் தலைவன் செஜானஸின் வீழ்ச்சிக்கு காசியஸ் டியோவைத்தான் நாட வேண்டும். முதல் ஆறு புத்தகங்களுக்கு இருப்பது ஒன்பதாம் நூற்றாண்டின் ஒரே ஓர் ஏட்டுப்படி, இப்போது ஃபிளாரன்ஸ் நகரில் இருக்கிறது. பதினாறாம் புத்தகம் திரேசியா நரம்பை அறுத்துக்கொண்டு சாகும் இடத்தில், வாக்கியம் முடியாமலேயே அறுந்துபோகிறது.